ஜாவால இருந்து கோட்லினுக்கு: அனானிமஸ் கிளாஸ் மாத்துத நாட்கள்

10 ஜூன் 2024, திங்கள்

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடை அண்ணாச்சியோட ஆண்ட்ராய்ட் ஆர்டர் ஆப்ப கோட்லின் மொழிக்கு மாத்த இன்னைக்கு எடுத்தாச்சு. முழுக்க பழைய ஜாவா, எங்க பாத்தாலும் நியூ போட்டு அந்த இடத்துலயே எழுதின பேரில்லாத கிளாஸ்தான், அதத்தான் அனானிமஸ் கிளாஸ்ம்பாங்க. ஜாவா 8ல லாம்ப்டா, அதாவது பேரில்லாத சின்ன ஃபங்க்ஷன், வந்ததே 2014லதான, அதுக்கு முன்ன எழுதினவங்களுக்கு வேற வழி ஏது. ஆப் எழுதுத ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவே ஃபைல கோட்லினுக்கு மாத்திக் குடுத்துரும்தான், ஆனா இந்த கிளாஸ் வார இடத்த எல்லாம் நான் கையால ஒருவாட்டி பாத்துருவேன். பட்டன் கிளிக்குக்கு லாம்ப்டா போதும். டைப் பண்ணுதத கவனிக்குத டெக்ஸ்ட்வாட்சர்ல மூணு மெத்தட் கிடக்கு, அதுக்கு ஆப்ஜெக்ட் எக்ஸ்பிரஷன், அதாவது கோட்லினோட பேரில்லாத கிளாஸ்தான்.

12 ஜூன், புதன்

"அண்ணே, சிஸ்டம் சேதி வாங்குத பிராட்காஸ்ட்ரிசீவர்ல ஆன்ரிசீவ் ஒண்ணுதான எழுதணும், லாம்ப்டா போட்டா என்ன?"ன்னு கூட வேல பாக்குத தம்பி கேக்கான். நல்ல கேள்வி. அது இன்டர்ஃபேஸ், அதாவது வெறும் மெத்தட் பட்டியல் இல்லலே, பாதி எழுதி மிச்சத்த நமக்கு விட்ட அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், மெத்தட் ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் லாம்ப்டா ஏறாது. ஆப்ஜெக்ட்னு போட்டு கிளாஸ் பேருக்குப் பின்னால பிராக்கெட்டும் வைக்கணும், ஆப்ஜெக்ட்ட உருவாக்குத கன்ஸ்ட்ரக்டர் கூப்பிடணும்லா. இன்டர்ஃபேஸ்னா பிராக்கெட் வேண்டாம்.

14 ஜூன், வெள்ளி

காலைலேந்து மேக்க சாரல், பாளையங்கோட்டைல காத்து மட்டும். இன்னைக்கு பாத்ததுதான் முக்கியமான இடம். பழைய ரன்னபிள் (ஓட விட வேண்டிய வேலைய வச்சிருக்க ஆப்ஜெக்ட்) ஒண்ணு அதோட ரன் மெத்தடுக்குள்ளயே, கொஞ்ச நேரம் கழிச்சு ஓட விடுத போஸ்ட்டிலேய்டுக்கு திஸ்ஸ (this) குடுத்து தன்னையே திரும்ப ஓட விடுது, அங்க திஸ்னா அந்த ரன்னபிள். லாம்ப்டாவா சுருக்கினா திஸ் வெளிய இருக்க ஆக்டிவிட்டி, அதாவது ஆப்போட அந்த ஸ்கிரீன், ஆயிரும். இந்த இடத்துல டைப் ஒத்து வராம கம்பைலர் கத்திரும், தப்பிச்சோம், ஆனா அதே திஸ்ஸ எதையும் வாங்கிக்கிடுத லிஸ்ட்ல போட்டிருந்தா சத்தமே வராது, ஆக்டிவிட்டி மொத்தமா மெமரில உக்காந்துக்கிடும். இன்னொண்ணு, லாம்ப்டாவ சும்மா ஃபங்க்ஷன் டைப்பா ஒரு வேரியபிள்ல வச்சு ஓட விடுத போஸ்ட்டுக்கும் நிறுத்துத ரிமூவ்கால்பேக்ஸுக்கும் குடுத்தா ரெண்டு தடவயும் வேற வேற ரன்னபிள் உருவாகும், நிறுத்தச் சொன்னது நிக்காது, எர்ரரும் வராது. வேரியபிளையே ரன்னபிளா வச்சாத்தான் சரி. சின்னதா தெரியுதுன்னு எல்லாத்தையும் லாம்ப்டா ஆக்குதத நான் ஒத்துக்கிடவே மாட்டேன்.

17 ஜூன், திங்கள்

உள்ள எடுத்துட்டுப் போற வேரியபிள் மாறாத ஃபைனலா இருக்கணும்ங்குத தொல்லைக்காக ஜாவால ஒத்த எலிமென்ட் அர்ரே வச்சு எண்ணினது எல்லாம் கோட்லின்ல வெறும் வார் (var), அதாவது மாத்தக்கூடிய வேரியபிள் ஆச்சு. உள்ளுக்குள்ள கம்பைலர் ஒரு டப்பால போட்டுத்தான் வைக்கு, அதனால ஒரே நேரத்துல ஓடுத ரெண்டு த்ரெட் தொட்டா பழைய ஆபத்து அப்டியே இருக்கு. அந்த ஆர்டர் கவுண்டருக்கு மட்டும் த்ரெட் ரெண்டு தொட்டாலும் கணக்கு தப்பாத அட்டாமிக்இன்டிஜர் போட்டுட்டேன்.

கடைல பில் போடுத கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் சி ஷார்ப் மொழில இருக்கு. அங்க அனானிமஸ் டைப்னு ஒண்ணு உண்டு, ஆனா மாத்த முடியாத ப்ராப்பர்ட்டி மட்டும்தான் வச்சுக்கிடும், இன்டர்ஃபேஸ் எல்லாம் இம்ப்ளிமென்ட் பண்ணாது. அதனால அங்க ஒரு மெத்தட்னா டெலிகேட் (ஃபங்க்ஷன வச்சுக்கிடுத டைப்), ஒண்ணுக்கு மேல போனா பேர் வச்ச பிரைவேட் கிளாஸ், வெளிய இருந்து வேணும்ங்குத வேரியபிள கன்ஸ்ட்ரக்டர்ல வாங்கிக்கிடணும். நாளைக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்கணும்.