அடி வாங்குபவரின் மூச்சு

திரையில் படம் ஓடும், சத்தம் இருக்காது. ஒருவர் இன்னொருவரின் தாடையில் குத்துவார். உண்மையில் அந்தக் குத்து தாடையைத் தொட்டிருக்காது, நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். கேமரா வைத்த கோணம் அந்த ஒரு சாணைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். காதிலிருந்து மறைக்க வேண்டியது நான். இருட்டறையில் மைக் முன்னால் நின்று, மடித்த பழைய தோல் ஜாக்கெட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது முஷ்டியால் ஓங்கி அடிப்பேன். பதினான்கு வருடங்களாக இதுதான் என் பிழைப்பு.

இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். பேசும் படங்கள் வந்த புதிதில் யுனிவர்சல் ஸ்டுடியோவில், படத்தைப் பார்த்துக்கொண்டே காலடி ஓசையும் துணி உரசும் ஓசையும் கொடுத்தவர் ஜாக் ஃபோலி. அவர் பெயரே வேலைக்கும் பெயராகிவிட்டது. ஒரு ரீலை மூன்று சுற்றாகச் செய்வோம். முதலில் காலடிகள், அப்புறம் துணி அசைவுகள், கடைசியாகக் கையில் எடுக்கிற, வைக்கிற, உடைக்கிற பொருள்கள். சண்டைக் காட்சியில் பெரிய குத்துச் சத்தங்கள் பெரும்பாலும் எஃபெக்ட்ஸ் எடிட்டர் சேர்த்து வைத்திருக்கும் லைப்ரரியிலிருந்து வரும். அதற்குச் சதையும் எலும்பும் கொடுப்பது எங்கள் பங்கு. எலும்பு முறிய வேண்டுமென்றால் செலரிக் கீரைத் தண்டை ஈரத்துணியில் சுற்றி மைக் பக்கத்தில் முறுக்குவோம். ஆள் விழ வேண்டுமென்றால் முழங்கையையும் முழங்காலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் போடுவோம். மனித உடம்பு மொத்தமாக ஒரே நேரத்தில் விழுவதில்லை. இடுப்பு, தோள், கடைசியில் தலை என்று துண்டு துண்டாக விழும்.

நாள் முழுக்க இதையே பார்க்கிறாயே, சண்டைப் படம் சலித்துப் போகவில்லையா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சலிக்கவில்லை. நல்ல சண்டை ஒன்று கைக்கு வந்தால் அன்றைக்கு வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போக மனம் வராது. மோசமான சண்டை வந்தால் கோபம் வரும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஒரு சண்டையை நடத்துவது அடிப்பவர் இல்லை, அடி வாங்குபவர். இதை நான் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைதான் சொல்லிக்கொடுத்தது.

சேர்ந்த முதல் மாதம் எனக்கு ஒத்திசைவே வரவில்லை. குத்து முழுதாக நீளும் இடத்தில் சத்தத்தைப் போடுவேன். திரும்ப ஓட்டிப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் பின்னால் உட்கார்ந்து இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். மூன்றாம் நாள், "கையைப் பாக்காதடா, தலையைப் பாரு" என்றார். அவ்வளவுதான். அடிபடுகிறவரின் தலை எந்த ஃப்ரேமில் திரும்பத் தொடங்குகிறதோ அங்கே சத்தம் விழ வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம். அடி வாங்குபவர் இரண்டு ஃப்ரேம் தாமதமாகத் திரும்பினால் உலகத்தின் மிகச் சிறந்த குத்துச் சத்தமும் அந்தரத்தில் தொங்கும். சரியாகத் திரும்பிவிட்டாரென்றால் நான் தொடையில் தட்டினாலே போதும், பார்ப்பவர் முகத்தைச் சுளிப்பார். அன்றிலிருந்து எந்தச் சண்டைக் காட்சியிலும் கதாநாயகனை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன்.

சண்டை நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிஜத்தில் தாடையில் விழும் குத்துக்கு மந்தமான, சின்னச் சத்தம்தான். கையுறை இல்லாமல் வேகமாகக் குத்தினால் குத்தியவரின் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முறிய நிறைய வாய்ப்பு உண்டு. மருத்துவர்கள் அதைக் குத்துச்சண்டை வீரர் முறிவு என்றே அழைக்கிறார்கள். 1867-ல் வெளியான குயீன்ஸ்பெரி விதிகள் மூன்று நிமிடச் சண்டை, ஒரு நிமிட ஓய்வு என்று வகுத்தன. உடம்பைப் பழக்கி வைத்திருக்கும் வீரர்களுக்கே அந்த ஒரு நிமிடம் தேவைப்படுகிறது. திரையில் ஒருவர் இருபது பேரை அடித்துவிட்டு மூச்சு வாங்காமல் வசனம் பேசுகிறார். பேசட்டும். மிகைதான் இந்தக் கலையின் மொழி. டிஷ்யூம் என்ற சொல்லைச் சொல்லி விளையாடித்தான் நானும் வளர்ந்தேன், அந்தச் சொல்லின் மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. நான் எதிர்பார்ப்பது வேறு. அடிக்கு ஒரு விலை இருக்க வேண்டும். விழுந்தவர் விழுந்ததற்காக எதையாவது இழந்திருக்க வேண்டும், எழுந்தால் எழுவதற்குக் கஷ்டப்பட வேண்டும்.

2003-ல் வந்த கொரியப் படம் ‘ஓல்ட்பாய்’. அதில் நடைவழிச் சண்டை ஒன்று, பக்கவாட்டிலிருந்து எடிட்டிங் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாகப் போகும். அதைச் சண்டைக்காக இல்லை, நடுநடுவே வரும் ஓய்வுக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லோரும் களைத்துப் போகிறார்கள். கூட்டம் பின்வாங்குகிறது, நாயகன் குனிந்து மூச்சு வாங்குகிறான், அடுத்து யார் முன்னால் போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஃபோலிக்காரனின் காதுக்கு அது பெரிய விருந்து. செருப்பு இழுபடும் ஓசை, சுவரில் சாயும் சட்டை, கட்டை கை மாறும் ஓசை என்று எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானவை, கேமராவைக் கண்டபடி ஆட்டி, கண் ஒரு இடத்தில் நிற்கும் முன்னே அடுத்த துண்டுக்குத் தாவும் சண்டைகள். அப்படிப்பட்ட ரீல் வந்தால் எனக்கு முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும், காலடி போட முடியாது. யார் எங்கே நிற்கிறார், எடை எந்தக் காலில் இருக்கிறது, யார் பக்கம் யார் நகர்ந்தார் என்று பத்து முறை ஓட்டிப் பார்த்தாலும் பிடிபடாது. ஏதோ ஒரு சரசரப்பைப் போட்டு நிரப்பிவிட்டு அடுத்த காட்சிக்குப் போவோம். ஒரு சண்டை நன்றாக இருக்கிறதா என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான். பத்து முறை பார்க்கிற எனக்கே கால்கள் கிடைக்கவில்லை என்றால், ஒரே ஒரு முறை பார்க்கும் ரசிகருக்கு என்ன கிடைக்கும்?

வெட்டுகள் நிறைய இருப்பதுதான் குற்றம் என்று நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ அந்த எண்ணத்தை உடைத்தது. இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 வெட்டுகள். ஆனாலும் ஒரு இடத்தில்கூட நாம் தொலைந்து போவதில்லை. பார்க்க வேண்டியதைப் பெரும்பாலும் திரைச் சட்டத்தின் நடுவிலேயே வைத்து எடுத்தார்கள், அதனால் வெட்டு விழுந்தாலும் கண் தேட வேண்டியதில்லை. எடிட்டர் மார்கரெட் சிக்ஸலுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஒலித்தொகுப்புக்கும் ஒலிக்கலவைக்கும் ஆஸ்கர் கிடைத்ததும் அதே படத்துக்குத்தான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. படம் தெளிவாக இருந்தால் சத்தத்துக்கு நிற்க இடம் கிடைக்கும்.

ஜாக்கி சான் படங்களை இந்தப் பேச்சில் விட முடியாது. 1985-ல் வந்த ‘போலீஸ் ஸ்டோரி’யில் வணிக வளாகத்தின் உச்சியிலிருந்து விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்குவார். அதில் அவர் கைத்தோல் வெந்து போனது. அந்தக் காட்சியை வேறு வேறு கோணத்தில் அடுத்தடுத்துக் காட்டுவார்கள். அவர் படங்களின் முடிவில் தவறிப் போன ஷாட்டுகளும் ஓடும். அடிபட்டு உட்கார்ந்திருப்பார், நாலு பேர் தூக்குவார்கள், மறுபடியும் அதையே செய்வார். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அடிக்கு விலை உண்டு என்று அந்தப் படங்கள் கடைசி இரண்டு நிமிடத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன.

விலை என்றால் என்ன என்று எனக்கு நேரில் காட்டியவர் ஒரு ஃபைட்டர். ஐம்பது வயது தாண்டியவர். கதாநாயகனுக்கு டூப் போடுவார், மற்ற நேரங்களில் கூட்டத்தில் ஒருவராக அடி வாங்குவார். ஒரு படத்தில் மாடியிலிருந்து மேசை மேல் மல்லாக்க விழும் காட்சி. அதற்கு முனகலும் மூச்சும் பதிவு செய்ய அவரையே டப்பிங்குக்கு வரவழைத்திருந்தார்கள். நான் ஏற்கெனவே மேசை உடையும் ஓசையைச் செய்து, அதற்கு மேல் தற்காலிகமாக ஒரு "ஆ" கத்தலை வைத்திருந்தேன். அவர் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"தம்பி, இது தப்பு" என்றார்.

"சத்தம் பத்தலையாண்ணே?"

"சத்தமே வராது. முதுகு அடிச்சு விழுந்தா உள்ள இருக்கிற காத்து மொத்தமா வெளிய போயிடும். திரும்ப உள்ள வராது. வாயத் திறப்போம், ஒண்ணும் வராது. கத்துறான்னா அவன் நல்லா இருக்கான்னு அர்த்தம்."

அப்புறம் செய்து காட்டினார். விழும் கணத்தில் "ஹக்" என்று தொண்டையிலிருந்து ஒரு சின்னக் காற்று. அதோடு சரி. வாய் திறந்தே இருந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில்தான் மெல்லிய நூல் மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது, கிணற்று ராட்டினம் தேய்கிற மாதிரி ஒரு ஓசையோடு. அதற்குள் என் வயிறு இறுகிவிட்டது. பதிவுப் பொறியாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்தே நின்றுவிட்டார். "சரியா இருக்கா?" என்று ஃபைட்டர் கேட்டபோது எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எத்தனை முறை அப்படி நிஜமாக விழுந்தால் ஒருவருக்கு இது மனப்பாடம் ஆகும்?

அந்த மூன்று நொடி மௌனத்தை அப்படியே வைத்து, மேசையின் கடைசிச் சில்லு ஒன்று மட்டும் தரையில் உருளும் ஓசையை நடுவில் போட்டேன். இத்தனை வருடத்தில் நான் செய்த வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். இயக்குநர் கேட்டுப் பார்த்தார், சத்தம் குறைந்துவிட்டது, பழைய கத்தலையே போடுங்கள், குத்தையும் இன்னும் ஏற்றுங்கள் என்றார். படம் அந்தக் கத்தலோடுதான் வெளியானது. தியேட்டரில் அந்த இடம் வந்தபோது யாரும் அசையவில்லை. அது இருபதாவது கத்தல். மிக்சிங்கில் எல்லாக் குத்தையும் ஒரே உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள், எது பெரிய அடி, எது சின்ன அடி என்று காதுக்குத் தெரியாத அளவுக்கு. பக்கத்தில் சத்தம் குறைவாக இருந்தால்தான் ஒரு சத்தம் பெரிதாகக் கேட்கும். சமையலில் உப்பு மாதிரி இது, தெரியாதவர்கள் யாரும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு படத்திலும் இதற்காக நாங்கள் மன்றாட வேண்டியிருக்கிறது.

சண்டைப் படங்கள் வன்முறையை வளர்க்கின்றன என்ற பேச்சு வரும்போது நான் ரத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அடிபட்டு விழுந்தவர் திரைச் சட்டத்தை விட்டு வெளியே போனதும் இல்லாமலே போய்விடுகிறாரே, அதுதான் என்னை உறுத்துகிறது. மூன்று மாடியிலிருந்து விழுகிறார். அடுத்த ஷாட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அவருக்கு என்ன ஆனது என்று படத்துக்கு அக்கறை இல்லை. மனிதரை அடிப்பது சுலபம், பின்விளைவு கிடையாது என்று அந்தக் காலி இடம் சொல்கிறது. ஒரு பையன் அதை நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. விழுந்தவர் புரண்டு படுத்து விலாவைப் பிடித்துக்கொள்வதை ஒரு நொடி காட்டிவிட்டால் போதும், அதே சண்டை வேறு சண்டையாகிவிடும்.

விழுபவர்களின் உழைப்பைத் திரையுலகம் மதிக்க எடுத்துக்கொண்ட காலமும் நீளம்தான். இந்திய தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கு என்று விருது வந்தது 2016-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான், முதலில் வாங்கியவர் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கர் 1929 முதல் கொடுக்கப்படுகிறது. ஸ்டண்ட் வடிவமைப்புக்கு அங்கே இடம் உண்டு என்று அறிவித்தது 2025-ல், அதுவும் 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து. செய்தி வந்த அன்று அந்த ஃபைட்டர் அண்ணனுக்கு போன் செய்தேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். "நல்லது தம்பி, பசங்களுக்கு உதவும்" என்றார். அப்புறம், "அந்த மூச்சு எடுத்தோமே, அத வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறேன். அதன்பின் வந்த மூன்று படங்களில் இயக்குநர்கள் சம்மதித்து அதைப் பயன்படுத்தியிருக்கிறோம்.

இப்போது கையில் இருக்கும் ரீலில் ஒரு படிக்கட்டுச் சண்டை. நாயகன் மேலே ஏறிப் போய்விடுகிறான். சட்டத்தின் ஓரத்தில், குவியம் இல்லாமல், உதைபட்டு உருண்ட ஒருவர் சுவரைப் பிடித்து எழப் பார்க்கிறார். மொத்தம் 31 ஃப்ரேம். இயக்குநர் அதைக் கேட்கவில்லை, எடிட்டரும் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் சொரசொரப்பான பலகை ஒன்றைக் கொண்டுவந்து மைக் முன்னால் நிறுத்தி, உள்ளங்கையை ஈரமாக்கி, அவர் விரல்கள் சுவரில் வழுக்கி, மறுபடி பிடித்து, மறுபடி வழுக்கும் ஓசையை ஆறு டேக் எடுத்தேன். நான்காவது நன்றாக வந்திருக்கிறது.