ஒரு சொல்லுக்கு 96,000 ரூபாய்: சாமை ஆலைக்குக் கடன் வாங்கிய அனுபவம்

சாமையின் உமி நீக்கும் இயந்திரம் எங்கள் கொட்டகையில் ஓடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. கடன் கிடைத்துவிட்டது, மானியமும் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வங்கிக் கிளையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மலையிலிருந்து இறங்க ஒரு பஸ், ஏற ஒரு பஸ். இடையில் ஒரு வேலையும் நடக்காமல் போன நாட்கள் எத்தனை என்று என் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்: பதினொன்று. புதிதாகத் தொழில் தொடங்க வங்கிக் கடனும் அரசு மானியமும் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிக்கப் போகும் கிராமத்துப் பெண்களுக்கு அதில் பாதி நாளாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு விண்ணப்பத்திலேயே நடந்தது. தாலுகா தலைமையிடத்தில் ஒரு கணினி மையத்தில் நிரப்பினோம். என் முகவரியில் அஞ்சலகம் இருக்கும் ஊரின் பெயர் வருவதால், தொழில் அமையும் இடம் என்ற கட்டத்தில் அங்கிருந்த இளைஞர் ‘நகர்ப்புறம்’ என்று போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து ஒப்புகைச் சீட்டை வரி வரியாகப் படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. என் திட்ட மதிப்பு 9,60,000 ரூபாய். பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம்தான். 3,36,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 2,40,000 ரூபாய் வந்திருக்கும். ஒரே ஒரு சொல், 96,000 ரூபாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாளே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டார். விண்ணப்பத்தைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவதாகவும், கிராமப்புறம் என்பதற்குச் சான்று கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். சிக்கல் அந்தச் சான்றில்தான். அதைக் கொடுக்க வேண்டிய அலுவலகத்தில் இருந்த எழுத்தர், மக்கள்தொகைக் கணக்கு இல்லாமல் தர முடியாது என்றார். கணக்கை வாங்கிக்கொண்டு போனால், இந்தப் படிவத்தில் எழுதித் தர எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் மிஞ்சியிருக்கும். 2022-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஊராட்சி அமைப்புகளின் கீழ் வரும் பகுதி கிராமப்புறம், நகராட்சியின் கீழ் வருவது நகர்ப்புறம். அந்த விதியை அச்செடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. விதியைப் படித்துவிட்டுப் போங்கள். முடிந்தால் காகிதமாகவே கையில் கொண்டுபோங்கள்.

பெயர்ப் பொருத்தமும் இப்படித்தான் படுத்தியது. ஆதாரில் என் முதலெழுத்து கணவர் பெயருக்குரியது. பான் அட்டையிலோ அப்பாவின் பெயர் முழுதாக விரிந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு வாரம் போனது. விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசின் இணையப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே தோன்றும் சில தளங்கள் பணம் கேட்கின்றன. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி அப்படிப் பணம் கட்டி ஏமாந்தாள்.

திட்ட அறிக்கை, இயந்திர விலைப்புள்ளி எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

அதன் பிறகு வங்கி. முதலில் போன கிளையில், உங்கள் கிராமம் எங்கள் சேவைப் பகுதியில் வராது என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். எந்தக் கிளையில் வரும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகத்தில் விசாரித்துத்தான் சரியான கிளையைத் தெரிந்துகொண்டேன். விண்ணப்பத்தில் வங்கிக் கிளையைத் தேர்வு செய்வதற்கு முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்டுவிடுங்கள்.

சரியான கிளையில் மேலாளர் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “பிணையாக என்ன பத்திரம் வைப்பீர்கள்?” என்பதுதான். எங்களுக்கு இருப்பது கொட்டகை நிற்கும் இடமும் கொஞ்சம் மேட்டு நிலமும். அதுவும் மாமனார் பெயரில். பத்திரம் இல்லாமல் மேலிடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். அடுத்த முறை போனபோதும் அதே பதில். மூன்றாம் முறை வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். மாமனாரிடம் போய்ப் பத்திரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்டால் கொடுத்திருப்பார், அதுதான் இன்னும் கஷ்டம்.

தொழில் மையத்து அலுவலரைத்தான் திரும்பத் தேடிப் போனேன். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே சொல்லியிருக்கிறது என்றார். அப்படிக் கொடுத்த கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்டவென்றே கடன் உத்தரவாத நிதியமும் இருக்கிறது. என் சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 48,000 ரூபாய். மீதிக் கடன் 9,12,000 ரூபாய். வரம்புக்குள்தான் வருகிறது.

நான் வங்கியில் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு வெள்ளைத்தாளில், பிணையில்லாக் கடன் வரம்புக்குள் வரும் என் விண்ணப்பம் எந்தக் காரணத்தால் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன் என்று ஆறு வரி எழுதினேன். நகலில் தேதியும் முத்திரையும் கேட்டேன். முத்திரை போடும் முன் உள்ளே கொண்டுபோனார்கள். கால் மணி நேரத்தில் மேலாளரே அழைத்தார், உட்காரச் சொன்னார். பத்திரம் என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒப்புதல் கடிதம் வந்தது. வாயால் கேட்டால் வாயால் மறுப்பார்கள், காகிதத்தில் கேளுங்கள்.

பத்து நாள் தொழில்முனைவோர் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மானியம் கோர முடியாது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஒப்புதல் வரும் முன் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இந்தத் திட்டத்தின் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டும்தான், ஏற்கெனவே ஓடும் ஆலைக்குக் கிடைக்காது. நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. கணவன், மனைவி இருவரில் ஒருவர்தான் பயன்பெறலாம். எங்கள் வீட்டில் என் பெயரில் போட்டதால்தான் 35 சதவீதம் கிடைத்தது. பொதுப்பிரிவு ஆண் போட்டிருந்தால் கிராமப்புறத்தில் 25 சதவீதம்தான், சொந்தப் பங்கும் 10 சதவீதம்.

மானியம் கைக்கு வரும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி இல்லை. ஆனால் அதே அளவு கடன் தொகைக்கும் வட்டி போடக் கூடாது. என் கணக்கில் மானியம் வந்த பிறகும் முழுக் கடனுக்கும் இரண்டு மாதம் வட்டி பிடித்திருந்தார்கள். பாஸ்புத்தகத்தில் பதிவு செய்து, இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டதில் கண்டுபிடித்தேன். 9,12,000 ரூபாயில் 3,36,000 கழித்தால் 5,76,000. அதற்குத்தான் வட்டி. மறுபடியும் வெள்ளைத்தாள், மறுபடியும் நகலில் முத்திரை. அதிகம் பிடித்த வட்டி அடுத்த மாதமே கணக்கில் திரும்ப ஏறியது.

இனி மூன்றாம் ஆண்டில் ஆய்வுக்கு வருவார்கள். ஆலை உண்மையில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வைப்பைக் கடனில் கழிப்பார்கள். மின் கட்டண ரசீது, கொள்முதல் சீட்டு, விற்பனைப் பட்டியல் எல்லாவற்றையும் மாதவாரியாக ஒரு கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். திட்டத்தின் பெயரும் வங்கியின் பெயரும் எழுதிய பலகையை வாசலில் வைக்க வேண்டும் என்பது விதி. போன ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டினோம். ஆணி அடித்தது மாமனார்தான்.