விரிவுரை இல்லாத வகுப்பறை

1971இல் தொடங்கப்பட்டு, இன்று கலிபோர்னியாவின் சாண்டா பவுலா அருகே இயங்கும் தாமஸ் அக்குவைனஸ் கல்லூரி என்னும் சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில் தனித்துறைகளோ வகுப்பறை விரிவுரைகளோ கிடையாது. எல்லா மாணவர்களும் நான்கு ஆண்டுகளும் ஒரே பாடத்திட்டத்தின்படி மூலநூல்களையே படித்து, மேசையைச் சுற்றி அமர்ந்து விவாதிக்கிறார்கள். முதலாண்டு மாணவர் யூக்ளிடின் தேற்றத்தைக் கரும்பலகையில் தாமே நிறுவிக் காட்ட வேண்டும். நிறுவலை நெட்டுருப் போட்டுத் தேர்வெழுதிய எவருக்கும் இதன் அருமை உடனே விளங்கும்.

என்னை மிகவும் கவர்ந்தது அங்குள்ள வாய்மொழி மதிப்பீடு: மாணவரை எதிரில் அமர்த்திக்கொண்டு, அவருடைய ஆசிரியர்கள் அவரது பங்கேற்பையும் புரிதலையும் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள்; அதன்பின் அவரும் பதில் கூறலாம். வெறும் மதிப்பெண் தாளைக் காட்டிலும் இது மாணவருக்கு எவ்வளவோ மேலான மரியாதை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.