புதிதாகச் சேர்ந்த ஆசிரியருடன் கூடிப் பேசுதல்: ஒரு தில்லிப் பள்ளியின் அனுபவம்

பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டுப் படிப்பாகிவிட்டது. அதில் 20 வாரங்கள் பள்ளிகளில் நேரடியாகப் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் பயிற்சிக் காலத்தில் வகுப்பு வேறொருவருடையது. தவறு நேர்ந்தால் தாங்கிக்கொள்ள ஒரு மூத்தவர் அருகில் இருப்பார். வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே வகுப்பாசிரியர் பொறுப்பு, வருகைப் பதிவேடு, அடுக்கடுக்கான பீரியட்கள், பெற்றோர் சந்திப்பு என அனைத்தும் ஒருங்கே வந்து சேரும்போது, அருகில் இருப்பதற்கு யாரும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் எங்கள் தில்லிப் பள்ளியில் தமிழ்நாட்டிலிருந்து நேரே வந்து சேர்பவர்களுக்கு நகரமும் இந்தியும்கூடப் புதியவை. நல்ல ஆசிரியர்களாக வரக்கூடியவர்கள் ஆண்டின் நடுவிலேயே விலகிச் சென்றதைக் கண்டு வருந்தியே, புதியவர்களும் மூத்தவர்களும் தம் வகுப்புகளைப் பற்றிக் கூடிப் பேச ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நாங்கள் சிலர் முடிவு செய்தோம்.

முதல் தடை நேரம். பள்ளியில் ஓய்வு பீரியட் என்பது பெயரளவில்தான். யாரேனும் விடுப்பில் சென்றால் அது மாற்று வகுப்பாக மாறிவிடும். இதற்கு வழி சி.பி.எஸ்.இ. விதியிலேயே இருந்தது. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறன் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும். அதில் 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள்ளோ, அண்டைப் பள்ளிகள் இணைந்த சகோதயா குழுமத்தின் வழியாகவோ நிறைவு செய்யலாம். இதைச் சுட்டிக்காட்டி, எங்கள் உரையாடல்களை அந்த 25 மணி நேரத்தில் சேர்க்கும்படி முதல்வரிடம் எழுத்தில் கேட்டோம். தேதி, நேரம், பேசப்பட்ட பாடப்பகுதி, பங்கேற்றோர் ஆகியவற்றை மட்டும் பதிவேட்டில் குறித்தால் போதும் என்று அவர் இசைந்தார். இது போன்ற முயற்சியைத் தொடங்க விரும்புவோர் இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. கால அட்டவணையில் இடம்பெறாத ஏற்பாடு எதுவும் அரையாண்டுத் தேர்வு வரைகூடத் தாங்குவதில்லை.

இரண்டாவது தடை அச்சம். வகுப்பின் பின்வரிசையில் ஒரு மூத்த ஆசிரியர் வந்து அமர்ந்தால், புதியவருக்கு அது ஆய்வாகவே தோன்றும். ஆகவே எங்கள் குறிப்புகள் புதியவரிடமே இருக்கும், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைக்கு அவை செல்லா என்று முதல்வர் முன்னிலையில் உறுதி செய்துகொண்டோம். அதைவிடப் பயன் தந்தது வேறொன்று: முதலில் புதியவர்களே மூத்தவர்களின் வகுப்புக்கு வந்து அமர்ந்து பார்த்தார்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் வகுப்பிலும் பிள்ளைகள் கவனம் சிதறுவதை அவர்கள் கண்ணால் கண்ட பிறகே, தம் வகுப்பைப் பற்றி மனம் திறந்து பேசத் தொடங்கினார்கள்.

பேசும் முறைக்கும் ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. நல்லெண்ணம் மிக்க மூத்தவர்கள் சிக்கல் என்னவென்று முழுதாகக் கேட்பதற்குள் தீர்வைச் சொல்லிவிடுவார்கள். எனவே, தொடக்கத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள், என்ன எழுதினார்கள், என்ன கேட்டார்கள் என்பதை மட்டுமே சொல்ல வேண்டும். அடுத்து ஐயங்களைக் கேட்கலாம். அறிவுரை அதன் பிறகே. இதனால் பேச்சு ஆசிரியரின் குறைநிறைகளிலிருந்து பிள்ளைகளின் கற்றலுக்குத் திரும்பியது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழாசிரியை ஒருவர், “தமிழில் ‘க’ ஒன்றுதானே, ‘கடல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ஏன் வேறாக ஒலிக்கிறது மேம்?” என்று தம் மாணவர் கேட்டதைச் சொன்னார். தேவநாகரியில் ஒலிப்பாலும் மூச்சாலும் வேறுபட்ட நான்கு ககரங்களைக் கற்று வந்த பிள்ளைக்கு இது மிக நியாயமான கேள்வி. தமிழிலேயே வளர்ந்தவருக்கோ அது ஒருபோதும் எழுந்திராத கேள்வி. “அவர்கள் எங்கள் வரிசையைத் தமிழில் தேடுகிறார்கள்” என்று விளக்கியவர் எங்கள் இந்தி ஆசிரியை. அவர் அங்கு இல்லாதிருந்தால் கேள்வியின் வேர் எங்களுக்குப் பிடிபட்டிருக்காது. பிறகு இருவரும் சேர்ந்து ஒரு பாடம் அமைத்தார்கள்: ‘க’ போன்ற வல்லின எழுத்து சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும், கடல், பக்கம் என, மெல்லினத்தை அடுத்து வந்தால் அதிர்ந்து ஒலிக்கும், தங்கம், பந்து, வண்டி என, இரண்டு உயிரொலிகளுக்கு இடையில் நெகிழும், மகன் என. பிள்ளைகளே சொற்களைத் தொகுத்து விதியைக் கண்டுபிடித்தார்கள். ‘கங்கை’ மட்டும் ஏன் முதலிலேயே மாறுகிறது என்று உடனே கேட்டும் விட்டார்கள். கடன்சொற்களைப் பற்றிய அடுத்த வகுப்புக்கு அதுவே தொடக்கமாயிற்று.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் வலியுறுத்தியது இதைத்தான்: பாடத்தை அறிந்திருப்பதும் பொதுவான கற்பித்தல் முறைகளை அறிந்திருப்பதும் போதா, அந்தப் பாடத்தில் மாணவர் எங்கே தடுமாறுவார், ஏன் தடுமாறுவார் என்ற தனி அறிவும் ஆசிரியருக்கு வேண்டும். இவ்வறிவு பெரும்பாலும் வகுப்பறையில்தான் விளைகிறது, ஒருவரிடமே தங்கி அவருடன் ஓய்வும் பெற்றுவிடுகிறது. கணக்கிலும் அப்படியே. 1/2 உடன் 1/3ஐக் கூட்டினால் 2/5 என்று எழுதிய ஆறாம் வகுப்பு நோட்டுகளைப் புதிய ஆசிரியர் கொண்டுவந்தபோது, மீச்சிறு பொது மடங்கை மீண்டும் நடத்துவதற்கு முன், 2/5 என்பது பாதியைவிடச் சிறியது என்பதைக் காகிதப் பட்டைகளால் பிள்ளைகளே காணட்டும் என்று பேசி முடிவு செய்தோம்.

நவம்பரில் காற்று மாசினால் வகுப்புகள் இணையவழிக்கு மாறியபோது சந்திப்புகளும் திரைக்கு மாறின. அவை அவ்வளவு சிறக்கவில்லை; நோட்டுகளை நடுவில் வைத்துப் பேசும் வாய்ப்பு அங்கே இல்லை.

தில்லி அரசுப் பள்ளிகளில் 2016இல் சுமார் 200 ஆசிரியர்களை வழிகாட்டி ஆசிரியர்களாகத் தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் சில பள்ளிகளை ஒப்படைத்தார்கள். எங்களைப் போன்ற பள்ளிகளில் அத்தகைய தனிப் பணியிடம் கிடையாது; வழிகாட்டுபவரும் முழுப் பாடச்சுமையுடனேயே அதைச் செய்கிறார். ஆண்டின் நடுவில் ஒப்பந்த அடிப்படையில் சேர்பவர்களுக்கு இந்த உரையாடல்களில் இன்னும் இடமில்லை என்பதே எனக்குப் பெரும் குறையாகத் தெரிகிறது. துணை மிகுதியாகத் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். வழிகாட்டுபவருக்கு வாரம் இரண்டு பீரியட் குறைக்கவும், ஒப்பந்த ஆசிரியரைச் சேர்ந்த வாரத்திலேயே குழுவில் இணைக்கவும் கோரி, ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டுக்கான கால அட்டவணை தயாராகும் முன்பே முதல்வரிடம் மனு அளித்திருக்கிறோம்.