சோஹோ படங்களில் வால்நட்சத்திரம் தேடிய அனுபவம்

தொலைநோக்கி இல்லாமல், மொட்டை மாடிக்குக்கூடப் போகாமல், புது வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியும். சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலம் எடுக்கும் படங்கள் இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பழகியதிலிருந்து, நான் அனுப்பிய ஒன்று உறுதியானது வரை என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்று எழுதி வைக்கிறேன். தமிழில் இப்படி ஒன்று அன்று கிடைத்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

சோஹோவை ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2 அன்று ஏவின. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து ஒரு கலத்தைப் பூமியோடு கூடவே வரவைக்கும் எல்1 என்ற புள்ளியைச் சுற்றி வருகிறது. நம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்ததும் இதே புள்ளிக்குத்தான். இரண்டு ஆண்டு உழைத்தால் போதும் என்று கட்டிய கலம் இது. 1998 ஜூனில் தொடர்பு அறுந்து, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ என்ற பெரிய ரேடியோ தொலைநோக்கியிலிருந்து ரேடார் அலை அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியை வைத்து இடத்தைக் கண்டார்கள். உறைந்து கிடந்த எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி மீட்டார்கள். அந்தப் பொறியாளர்கள் அன்று கைவிட்டிருந்தால் நான் இதை எழுத வாய்ப்பே இருந்திருக்காது.

நமக்கு வேண்டியது அதில் உள்ள லாஸ்கோ கருவியின் இரண்டு கேமராக்கள். சூரியனை ஒரு தட்டால் மறைத்து, சுற்றியுள்ள கொரோனாவை, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தை, மட்டும் படம் பிடிப்பவை. நிரந்தரமான செயற்கைக் கிரகணம் என்று வைத்துக்கொள்ளலாம். சி2 கேமரா சூரிய மையத்திலிருந்து 6 சூரிய ஆரம் வரை காட்டும். இணையத்தில் ஆரஞ்சு நிறத்தில் வருவது அது. நீல நிறத்தில் வரும் சி3, 30 ஆரம் வரை போகும். நிறங்கள் நாம் பூசியவை, கேமரா பதிவது கறுப்பு வெள்ளைதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது.

படத்தைத் திறந்த உடனே வால்நட்சத்திரம் தேடப் போகாதீர்கள். அதில் இருக்கும் மற்றதெல்லாம் என்னென்ன என்று முதலில் தெரிய வேண்டும். நான் நிறைய நேரம் செலவழித்தது இதில்தான். தொடர்ச்சியான படங்களை ஒரு கோப்புறையில் இறக்கி, அடுத்தடுத்து வேகமாக மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றின் குணமும் பிடிபடும். விண்மீன்கள் எல்லாம் ஒரே வேகத்தில் இடமிருந்து வலமாக நகரும். கலம் பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுவதால் வரும் நகர்வு அது. கோள்கள் பளிச்சென்று இருக்கும், இரு பக்கமும் கிடைக்கோடு போல ஒளி வழிந்திருக்கும். கேமராவின் கெட்டுப்போன பிக்சல் இடமே மாறாது. காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வேகமாக வரும் துகள்) பட்ட புள்ளி ஒரே ஒரு படத்தில் வந்து, அடுத்ததில் காணாமல் போகும். இந்தக் கதிர்ப் புள்ளிகள்தான் பெரிய தொல்லை. நாலு படங்களில் நாலு கதிர்ப் புள்ளிகள் தற்செயலாக ஒரே கோட்டில் அமைந்து, ஏதோ நகர்வதுபோலவே தோன்றும். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்து துகள்கள் வந்து மோதும் நாள்களில் படம் முழுக்கப் புள்ளி மழைதான். அன்றைக்குத் தேடிப் பயனில்லை.

இந்தப் பழக்கத்தில் கிடைத்த ஒரு சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கத்திரி வெயிலில் சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தில் இருக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்லும். வெறுங்கண்ணால் அதைப் பார்க்க வழியில்லை, சூரிய வெளிச்சத்தில் நட்சத்திரம் ஏது? ஆனால் மே மாதப் பிற்பாதியில் சி3 படத்தைத் திறந்தால், மறைத்த சூரியனுக்கு மேலே கார்த்திகைக் கூட்டம் அப்படியே கொத்தாகத் தெரிகிறது. வெளியே அனல் அடிக்கும்போது திரையில் அதைப் பார்த்தது எனக்கு மறக்காது.

சரி, வால்நட்சத்திரத்துக்கு வருவோம். சோஹோ படங்களில் சிக்குபவற்றில் 85 சதவீதம் அளவுக்கு க்ராய்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. பல நூற்றாண்டுகளுக்கு முன் உடைந்த ஒரு பெரிய வால்நட்சத்திரத்தின் துண்டுகள், துண்டின் துண்டுகள். 1882-இல் பகலிலேயே தெரிந்த பெரிய வால்நட்சத்திரமும், 1965-இல் வந்த இக்கேயா-செக்கியும் இதே குடும்பம். நாம் பார்ப்பவை பெரும்பாலும் சில பத்து மீட்டர் அளவுள்ள சின்னத் துண்டுகள். ஏறக்குறைய எல்லாமே சூரியனை நெருங்கும்போது ஆவியாகி முடிந்துவிடும். எல்லாம் ஒரே பாதையில் வருவதால் எங்கே தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்: பெரும்பாலும் படத்தின் கீழ்ப்பாதியிலிருந்து உள்ளே வரும். பூமி நகர நகர அந்தக் கோணம் மாதத்துக்கு மாதம் மாறும். சன்கிரேசர் திட்டத்தின் தளத்தில் இந்த வழிகளுக்கான வரைபடங்கள் உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக் கூடத்தைச் சேர்ந்த கார்ல் பாட்டம்ஸ் நடத்தும் திட்டம் அது. நாம் கண்டதை அனுப்ப வேண்டியதும் அங்கேதான்.

புதுப் படங்களுக்குப் போவதற்கு முன், ஏற்கெனவே உறுதியான பழைய வால்நட்சத்திரங்களின் தேதிகளை எடுத்து, அந்த நாள் படங்களை இறக்கி, இருக்கும் இடத்தைப் பார்க்காமல் நானே தேடிப் பழகினேன். இதைத் தவிர்க்கவே வேண்டாம். பிரகாசமாக, வாலோடு வருபவை அபூர்வம். வழக்கமாக வருவது வாலே இல்லாத, இரண்டு மூன்று பிக்சல் அகலமுள்ள மங்கல் புள்ளி. கண் அதற்குப் பழகப் பல வாரம் ஆகும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கொரோனா மங்கி, நகர்வது மட்டும் எடுப்பாகத் தெரியும். எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த முறை.

நான் அனுப்பி உறுதியானது சி2 படங்களில் கிடைத்தது. க்ராய்ட்ஸ் துண்டு சி3-ஐக் கடக்க ஒரு நாளுக்கு மேல் எடுத்தாலும், சி2-இல் இருப்பது சில மணி நேரம்தான். அந்த மாதத்து வழிக்குள், ஒரு மங்கல் புள்ளி. அடுத்த படத்திலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். விண்மீன்கள் போன திசையில் போகவில்லை. ஒவ்வொரு 12 நிமிடத்திலும் கடக்கும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. சூரியனை நோக்கி விழும் பொருள் அப்படித்தான் வேகமெடுக்க வேண்டும். கதிர்ப் புள்ளிகள் ஒரே கோட்டில் அமையலாம், ஆனால் படத்துக்குப் படம் இப்படிச் சீராக வேகம் கூடிக் காட்டுவது ரொம்ப அரிது.

அனுப்பும் படிவம் எளிமையானதுதான், ஆனால் கவனம் வேண்டும். எந்தக் கேமரா, ஒவ்வொரு படத்தின் தேதியும் நேரமும், புள்ளியின் கிடை, செங்குத்து பிக்சல் எண்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும், படத்திலேயே அது பொறித்திருக்கும். பிக்சலை மேல் இட மூலையிலிருந்து எண்ணினீர்களா, கீழ் இட மூலையிலிருந்தா என்பதையும் சொல்ல வேண்டும். அது மாறினால் பாதையே தலைகீழாகிவிடும். முதலில் அனுப்பியவர் பெயரில்தான் கண்டுபிடிப்பு பதிவாகும். உலகெங்கும் ஆர்வலர்கள் இதே படங்களை இதே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் வேகமும் வேண்டும். 3000-ஆவது வால்நட்சத்திரத்தை 2015-இல் தாய்லாந்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார். 5000-ஆவதை 2024 மார்ச்சில் ப்ராகில் படித்துவந்த சீன மாணவர் ஒருவர் கண்டார். நான் கண்டு, அளந்து முடிப்பதற்குள் வேறொருவர் அனுப்பிவிட்டதும் உண்டு. அன்று வருத்தமாக இருந்தாலும், என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது என்ற உறுதி கிடைத்தது.

உறுதி என்று தளத்தில் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. இடங்களைத் துல்லியமாக அளந்து, பாதையைக் கணக்கிட்ட பிறகுதான் முறையான குறியீடு கிடைக்கும். 2010-இல் மறையும் வரை வானியலாளர் பிரையன் மார்ஸ்டன் இந்தக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார். பெயரைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் சோஹோ என்பதே பெயர். நம் பெயர் கண்டுபிடித்தவர் பட்டியலில் மட்டும் வரும். எனக்கு அது போதும். அந்தத் துண்டு பல நூறு ஆண்டு பயணம் செய்து வந்து, சில மணி நேரத்தில் இல்லாமல் போனது. அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு அந்தச் சில பிக்சல்கள் தவிர வேறு சாட்சி இல்லை. அதைக் குறித்து வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு: சி2-இல் தொடங்குங்கள், புள்ளிகள் அதில்தான் தெளிவாகத் தெரியும். க்ராய்ட்ஸ் கண்ணுக்குப் பழகிய பிறகு மெயர், மார்ஸ்டன், க்ராக்ட் என்ற மற்ற வால்நட்சத்திரக் குழுக்களைத் தேடலாம். 2024 ஜூனில் ஏவிய கோஸ்-19 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளிலும் இதே மாதிரியான கேமரா ஒன்று இருக்கிறது, அதன் படங்களிலும் இப்போது வால்நட்சத்திரங்கள் அகப்படுகின்றன. நான் அடுத்து பார்க்கத் தொடங்கியிருப்பது அவற்றைத்தான்.