லேசர் கற்றை விரியாமலிருக்க: செய்முறைத் தேர்வில் நான் கற்றது

எம்.எஸ்சி. இயற்பியல் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது, ஹீலியம்-நியான் லேசரின் விரிகோணத்தை, அதாவது கற்றை போகப் போக விரியும் கோணத்தை, குறைத்துக் காட்டும் சோதனை. விரியும் ஒளியைக் குவிலென்சு கட்டுப்படுத்திவிடும் என்று நம்பி, 250 மி.மீ. குவியத் தூரமுள்ள ஒன்றை லேசரின் வாயருகே வைத்தேன். கால் மீட்டரில் ஊசி முனையளவு பொட்டு. மகிழ்ச்சியோடு 10 மீட்டர் தள்ளி வரைபடத்தாளைப் பிடித்தால், 3 செ.மீ. அகலத்துக்கு மங்கிய வட்டம்! லென்சே இல்லாதபோது அங்கே 1 செ.மீ.தான் இருந்தது. அரை மணி நேரம் வீணானது.

கற்றை மிக ஒடுங்கும் இடத்தின் ஆரத்தையும் அரை விரிகோணத்தையும் பெருக்கிப் பாருங்கள். குறைகளற்ற கற்றைக்கு அது அலைநீளத்தை π-ஆல் (3.14) வகுத்த மதிப்பு. எந்த லென்சும் அதைக் குறைக்காது. அலைநீளம் 632.8 நானோமீட்டர், ஆரம் 0.4 மி.மீ. என்றால் கோணம் 0.5 மில்லிரேடியன். கோணம் பத்தில் ஒன்றாக வேண்டுமானால் கற்றையைப் பத்து மடங்கு அகலமாக்கியே தீர வேண்டும். நிலவின் தூரத்தை லேசரால் அளப்பவர்கள் பெரிய தொலைநோக்கி வழியாக ஒளியை அனுப்புவதும் இதற்காகத்தான்.

எனவே முதலில் கற்றையை அகலமாக்க 25 மி.மீ. குவியத் தூரமுள்ள குழிலென்சு, அடுத்து அதை இணையாக்க அதே குவிலென்சு, இடையே 225 மி.மீ. இடைவெளி. லென்சுப் பரப்பில் பட்டுத் திரும்பும் சிறு சிவப்புப் புள்ளிகள் லேசரின் முகப்பில் விழும். அவை ஒளி வெளிவரும் துளையிலேயே போய்ச் சேரும்வரை தாங்கியைத் திருகுங்கள். இதைப் பலர் செய்வதில்லை, பிறகு கற்றை சாய்ந்து ஓடும். அந்தப் புள்ளிகளைத் தாளில்தான் பார்க்க வேண்டும், கண்ணை ஒருபோதும் அந்த மட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இடைவெளியை அருகில் நின்று சரிசெய்ய முடியாது. குவிலென்சு 1 மி.மீ. நகர்ந்தாலே 10 மீட்டரில் பொட்டின் விட்டம் 1 மி.மீ.க்கு மேல் மாறிவிடும். நண்பர் ஒருவரைத் தாளோடு தொலைவில் நிறுத்தி, பென்சிலால் விளிம்பைக் குறிக்கச் சொல்லுங்கள். எனக்கு லென்சருகே 8 மி.மீ., 10 மீட்டரிலும் ஏறக்குறைய 8 மி.மீ. வந்தபோது உண்மையிலேயே கண் கலங்கியது.

வாய்மொழித் தேர்வில், "இரண்டும் குவிலென்சாக இருக்கலாமா?" என்று கேட்டார்கள். இருக்கலாம், முதல் லென்சு 25 மி.மீ. குவிலென்சானால் இடைவெளி 275 மி.மீ. நடுவில் ஒளி குவிவதால் அங்கே ஊசித்துளை வைத்துக் கற்றையைத் தூய்மையாக்கலாம். ஆனால் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் மிக வலிய லேசரில் அந்தப் புள்ளியில் காற்றே அயனியாகிவிடும், அங்கே குழிலென்சுதான் ஏற்றது.