அம்மாவும் ஜேம்ஸ் டீனின் பட்டாவும்

காலேஜ் ஹாஸ்டலில் 'ஜயன்ட்' என்ற ஹாலிவுட் படம் பார்த்துவிட்டு ஒரு வாரம் அதில் நடித்த ஜேம்ஸ் டீன் மாதிரி தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுத் திரிந்தவன் நான். கௌபாய் தொப்பிக்கு எங்கே போவது? மங்கி கேப்தான்.

அந்தப் பாசத்தில் போன ஞாயிறு மதியம் படத்தை மறுபடி போட்டேன். 1956ல் வந்த படம். 3 மணி 21 நிமிடம். டெக்சாஸில் ஒரு மாட்டுப்பண்ணைக் குடும்பத்தின் கதை. ரசித்து ரசித்துத் தனியாகப் பார்க்கலாம் என்றிருந்தேன். அம்மா முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தார்.

"யாருடா இவரு?"

"பண்ணையார்மா. ராக் ஹட்சன். ஆறு லட்சம் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி."

"அவ்வளவுக்கும் தீர்வை கட்டுறானா?"

பொட்டல்காட்டில் ஒற்றையாக நிற்கும் அந்த மாளிகை வந்தது. வெறும் முகப்புதான், மார்ஃபா ஊர்ப்பக்கம் படத்துக்காக நிறுத்தியது, பின்பக்கமே கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன்.

"பின்பக்கம் இல்லைன்னா பாத்திரம் எங்க கழுவுவாங்க?"

எலிசபெத் டெய்லருக்கு மகளாக வரும் கரோல் பேக்கர் நிஜத்தில் அவரைவிட மூத்தவர் என்றேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம படத்துல இல்லாததா?"

அப்புறம் அந்த நிலத்துக் காட்சி. பண்ணையாரின் அக்கா சாகும்போது வேலைக்காரப் பையன் ஜேம்ஸ் டீனுக்குத் துண்டு நிலம் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பெரிய மனுஷர்கள் சுற்றி நின்று, 1200 டாலர் தருகிறோம், நிலத்தை விட்டுக்கொடு என்கிறார்கள். அம்மா கீரையை ஓரமாக வைத்தார்.

"வித்துராதடா!" டி.வி.யைப் பார்த்துத்தான்.

விற்கவில்லை. முழங்காலை மடக்காமல் நீள நீளமாக எட்டு வைத்துத் தன் நிலத்தைத் தானே அளக்கிறான். சினிமாக்காரர்கள் உருகும் காட்சி. எனக்கும் தொண்டை அடைத்தது.

"என்னடா இவன், காலால அளக்குறான்? சர்வேயர் வரலையா? நாலு மாலும் பார்த்து கல்லு ஊனாம விட்டா பக்கத்துக்காரன் உள்ள வந்துருவான்." பெரியப்பாவோடு எங்களுக்கு இருக்கும் வரப்புத் தகராறு அடுத்த பத்து நிமிடம் ஓடியது. படமும் ஓடியது.

எண்ணெய் பீறிட்டு, உடம்பெல்லாம் கருப்பாக அவன் மாளிகை வாசலுக்கு வந்து நின்றபோது, "குளிச்சிட்டு வந்திருக்கலாம்" என்றார்.

இன்னொரு காட்சியில், வளர்த்த வான்கோழியே விருந்துத் தட்டில் வர, குழந்தைகள் வீறிட்டு அழுதார்கள். அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயும் நம்ம சேவலுக்கு இப்படித்தான் அழுத. அப்புறம் ரெண்டு தடவை குழம்பு கேட்ட."

படம் வெளிவருவதற்கு முன்பே, 24 வயதில் கார் விபத்தில் போய்விட்டான் அந்த ஜேம்ஸ் டீன் என்று சொன்னதும் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் குறட்டை.

சாப்பாட்டுக் கடைச் சண்டையைத் தனியாகப் பார்த்தேன். மெக்சிகோக்காரக் குடும்பத்தை வெளியே போகச் சொன்னவனிடம் பண்ணையார் மல்லுக்கு நின்று, அடிவாங்கி, தட்டுகளோடு விழுந்து கிடக்கிறார். படம் முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து கூந்தலை முடிந்தார்.

"ஏண்டா, அந்தப் பையன் பட்டா மாத்திட்டானா?"